மூக்கிரட்டைக் கஷாயமும் நான் ஊற்றிய தண்ணீரும்

கண்ணு,

நீ மாடியில் துணிமணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா ஊறுகாய் ஜாடிக்குச் சரியான மூடி கிடைக்காமல் சமையலறையையே புரட்டிக்கொண்டிருக்கிறாள். நான் காலையிலிருந்து நம் தறி ஷெட்டில் உட்கார்ந்து, நெய்த பீஸ் நீளம் குறிக்கிற நோட்டின் பின்பக்கங்களில் இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ சாந்திபுரம் அரசு மூலிகை வைத்தியசாலையில் டாக்டராகச் சேரப்போகிறாய். நகரியிலிருந்து சித்தூர் போய், பலமனேர் தாண்டி, குப்பம் போகிற ரோட்டில், ஆந்திராவின் மூலைக்கே போகிறாய். இருபத்தெட்டு வருஷமாக உன்னிடம் வாய் ஓயாமல் பேசியவன் நான். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டேன் என்பது வரை உன்னிடம் சொல்லாமல் இருந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒன்றரை வருஷமாக முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுத்தில் சொன்னால் பாதியில் எழுந்து ஓட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய தப்பு ஒன்று. உனக்கு ஆயுர்வேதக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நான் சந்தோஷப்பட்ட மாதிரி நடித்தேன். நிஜத்தில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊசி போடுகிற டாக்டர் என்றால்தான் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். தெருவில் கேட்டவர்களிடம் "திருப்பதில டாக்டருக்குப் படிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் நழுவிவிடுவேன். முதல் வருஷ லீவில் நீ வந்தபோது, ஷெட் சுவரை ஒட்டி முளைத்துக் கிடந்த பூண்டுகளை நான் மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். "நைனா, இத்த புடுங்காத. மூக்கிரட்டை இது. சிறுநீரகத்துக்குன்னே நம்ம ஆளுங்க காலங்காலமா குடுத்துக்கினு வந்த வேரு." தரையோடு தரையாகப் படர்ந்து, சிவந்த தண்டும் குண்டூசித் தலை போல் ரோஸ் நிறப் பூவுமாக இருந்த அதை எத்தனை வருஷம் மிதித்து நடந்திருக்கிறேன்! நீ அதன் வேரைக் கழுவி, நறுக்கி, என் உள்ளங்கையில் வைத்து, உள்ளே வளையம் வளையமாக இருப்பதைக் காட்டினாய். அன்றைக்குத்தான் எனக்கு உன் படிப்பின் மேல் மரியாதை வந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ ஏன் சிறுநீரகத்தையே பிடித்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனால்தான். உன் பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம் சுகர் இருந்தது. மாத்திரை போட்டால் போட்டார், இல்லாவிட்டால் இல்லை. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது என்று அவரே சொல்வார். சோப்புத் தண்ணி மாதிரி போகுது என்று சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அந்த நுரைதான் சிறுநீரகம் புரதத்தைக் கைவிடுகிற அடையாளம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கால் வீங்கி, முகம் வீங்கி, திருப்பதியில் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்கவைத்த பிறகுதான் தெரிந்தது. நீ அப்போது இண்டர் இரண்டாம் வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி. லீவு நாட்களில் நீதான் அவரோடு பஸ்ஸில் போவாய். ஒரு நாள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாய்: "ஏன் நைனா, அந்த நுரை வந்தப்பவே யாராவது பாத்திருந்தா பெரியப்பா இப்படி ஆயிருக்கமாட்டாருல்ல?" அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி உன்னோடு இருந்தது. அதைத்தான் நீ மேல்படிப்பில் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாய்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தலைகால் புரியாது. மூக்கிரட்டை வேர், நெருஞ்சில் முள், அதோடு இன்னும் மூன்று சரக்கு. கார்வேட்டிநகரத்துப் பக்கம் வரப்புகளில் நெருஞ்சில் பொறுக்குகிற பெண்களிடம் நீயே போய், காய் முற்றியதா என்று பார்த்து வாங்கி வருவாய். நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து, ஒவ்வொரு தடவை இடித்த சரக்கிலும் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பி, கெட்டது எதுவும் கலக்கவில்லை என்று காகிதம் வந்த பிறகுதான் பொட்டலம் கட்டுவாய். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, அரை டம்ளராக வற்றவைத்து, காலையும் மாலையும் குடிக்க வேண்டும். உன் நிபந்தனைகளைக் கேட்டுத்தான் நான் அசந்துபோனேன். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்த நிலையில் இருக்கிற சுகர்காரர்கள் மட்டும்தான் சேரலாம். முற்றிப்போனவர்களுக்கு இதைக் கொடுக்கமாட்டாய். மாதாமாதம் ரத்தத்தில் உப்பு பார்க்க வேண்டும். இங்கிலீஷ் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. "மாத்திரைய நிறுத்தினவங்களுக்கு என் கஷாயம் கிடையாது" என்று நீ விரலை ஆட்டிச் சொன்னபோது, என் பெண்ணா இது என்று இருந்தது. எதையும் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. இருக்கிற சிறுநீரகத்தைக் காப்பாற்ற இந்த வேர் கை கொடுக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான் என்பாய்.

உனக்கு ஆள் தேவைப்பட்டது. நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். நம் ஷெட்டில் வேலை செய்கிறவர்களைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்ததில் ஆறு பேர் உன் ஆராய்ச்சிக்குப் பொருந்தினார்கள். தறி ஓட்டுகிற ஐந்து ஆண்கள், தறிக்கு நூல் தார் சுற்றுகிற ராஜம்மா. அந்த ஐந்து பேரில் ஒருவன் முனுசாமி. உனக்கு முனுசாமி சித்தப்பா. உறவு இல்லை, ஆனால் உன்னைத் தோளில் வைத்து நகரித் தேர் காட்டியவன் அவன்தான். நான் இரண்டு தறியோடு ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறான். எனக்கும் ஆறு வருஷமாக சுகர் இருக்கிறது. "சொந்தக்காரங்கள ஆராய்ச்சில சேக்கக்கூடாது நைனா, ஆனா நீ தனியா டெஸ்ட் பண்ணிக்கோ" என்றாய். முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணனைப் பார்த்தவன் நான். எனக்கு அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை ஒருவர் கழிக்கிற சிறுநீர் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், பெயர் ஒட்டின வெள்ளைக் கேனில் பிடிக்க வேண்டும். அதில் எவ்வளவு புரதம் போகிறது என்று கணக்கிடுவார்கள். கஷாயம் ஆரம்பிக்கும் முன் ஆறு பேரையும் உன் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கவைத்து நீயே பிடித்தாய். அதில் தப்பு எதுவும் இல்லை. மூன்று மாதம் கஷாயம் குடித்த பிறகு இரண்டாவது தடவை, வார்டில் கட்டில் காலி இல்லை, வீட்டிலேயே பிடித்து அனுப்பட்டும் என்றார்கள். நீ ஆறு கேனையும் என்னிடம் கொடுத்து, சீட்டில் தமிழில் எழுதியும் கொடுத்தாய். கேனில் போட்டிருக்கிற கோட்டைவிட அளவு குறைவாக இருந்தால் அந்த ஆள் இன்னொரு நாள் மறுபடி பிடிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். "நீ படிப்பப் பாரு கண்ணு, நைனா பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாரம் ஒரு புடவை ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, ஆளுக்கு நாலு தறி. ஒருவன் இரண்டு நிமிஷம் நகர்ந்தாலும் எங்காவது இழை அறுந்து நிற்கும். முனுசாமி கேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னாண்ணா இது, இத்த தூக்கிக்கினு ஷெட்டுக்குள்ள சுத்தச் சொல்றியா? பாக்கறவன் சிரிக்கமாட்டான்?" ராஜம்மா கேனை முந்தானையால் மூடிக்கொண்டு, வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். ஷெட்டில் இருந்த நேரமெல்லாம் கழித்தது பின்பக்கச் சாக்கடைக்குப் போனது. வீட்டில் இருந்த நேரத்தில் கழித்தது மட்டும் கேனுக்கு வந்தது. மறுநாள் காலையில் ஆறு கேனும் என் முன்னால் வரிசையாக நின்றன. எல்லாம் பாதிக்கும் கீழே.

நான் செய்ய வேண்டியது சுலபம். தறியை ஒரு நாள் நிறுத்தி, வீட்டில் இருந்து ஒழுங்காகப் பிடியுங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு நாள். நான் முதலாளி, என்னை யார் தடுப்பார்கள்? ஆர்டர் தாமதமாகும் என்று யோசித்தேன். அளவு குறைந்தால் உன் ஆட்களைக் கழித்துவிடுவார்களோ, உன் படிப்பு கெட்டுவிடுமோ என்றும் யோசித்தேன். சிறுநீரில் தண்ணீர்தானே பெரும்பகுதி, இதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று ஒரு பெரிய விஞ்ஞானி போல முடிவு செய்தேன். ஷெட் வாசல் குழாயைத் திறந்து, ஒவ்வொரு கேனையும் அதன் கீழே பிடித்து, கோடு வரை நிரப்பினேன். முனுசாமி பக்கத்தில் நின்று, "வேணாண்ணா, பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுடு" என்றான். "உனக்கு இன்னா தெரியும், மூடு" என்றேன். கண்ணு, தண்ணீர் ஊற்றியது நான். முனுசாமி இல்லை, ராஜம்மா இல்லை, அந்த ஆறு பேரில் ஒருவரும் இல்லை. உன் நைனாதான்.

பத்து நாள் கழித்து நீ போன் செய்தாய். உன் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நைனா, நம்ம ஷெட்டு ஆளுங்க ஆறு பேருக்குமே புரதம் பாதியா கொறஞ்சிருக்கு!" நான் ஷெட்டையே கூட்டி வைத்துப் பெருமை பீற்றிக்கொண்டேன். டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். தண்ணீர் ஊற்றினதை நான் மறந்தேபோய்விட்டேன் என்றால் நம்புவாயா? நம்ப வேண்டாம். மறக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முனுசாமிக்கோ கால் தரையில் நிற்கவில்லை. "பாப்பா மருந்து கிட்னிய கழுவி வுட்டுடுச்சு, இனிமே அந்த மாத்திர எதுக்கு?" என்று சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டான். கல்யாண வீட்டில் இரண்டு தடவை கேட்டு வாங்கி லட்டு தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பான்.

அடுத்த மூன்று வாரம் நீ சும்மா இருக்கவில்லை. சந்தோஷமான கணக்கைத்தான் இரண்டு தடவை பார்க்கணும் என்று நீ சொல்வாய். பார்த்தாய். கிரியேட்டினின் என்கிற கழிவு, ஒருவர் உடம்பிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளியேறுமாம். அதுவும் ஆறு பேருக்கும் பாதியாகக் குறைந்திருந்தது. நாலு தறி ஓட்டுகிற முனுசாமிக்குச் சின்னப் பிள்ளைக்கு இருக்கிற அளவு. புரதம் குறையவில்லை, பாதிச் சிறுநீர்தான் கேனுக்கே வந்திருக்கிறது, மீதி தண்ணீர் என்று உனக்குப் புரிந்துவிட்டது. முதல் பஸ்ஸில் கிளம்பி, எட்டு மணிக்கு ஷெட்டு வாசலில் வந்து நின்றாய். தறிச் சத்தத்தில் நீ கத்திப் பேச வேண்டியிருந்தது, ஆனால் நீ கத்தவில்லை. ஒவ்வொருவரையும் வெளியே கூப்பிட்டு, "ஷெட்டுல இருந்தப்போ எங்க போனீங்க? கேன்ல இன்னா ஊத்துனீங்க? நான் திட்டமாட்டேன், நெஜத்த மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாய்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். முனுசாமி என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் உன் பக்கம் திரும்பி, "நான்தாம்மா தண்ணி ஊத்தினேன். வெக்கப்பட்டுக்கினு கேன வூட்டுல வெச்சிட்டேன். கொறஞ்சா நீ கோவிச்சுப்பியேன்னு ஊத்திட்டேன்" என்றான். பெண்ணின் முன்னால் அப்பன் அவமானப்படக்கூடாது என்று அவன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அடுத்து ராஜம்மா, அவளுக்குப் பின்னால் மற்ற நாலு பேர், எல்லோரும் நானும்தான் நானும்தான் என்று சொன்னார்கள். என் சம்பளம் வாங்குகிறவர்கள், என் பொய்யையும் சுமந்தார்கள். நான் சுமக்கவிட்டேன். அந்த வெட்கத்தோடுதான் ஒன்றரை வருஷம் உன் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன்.

மறுநாள் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு திருப்பதி வந்தேன். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் அறைக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன், கதவு சாத்தவில்லை. கூட இருந்த யாரோ, தறிக்காரர்களுக்கு எல்லாம் சொன்னால் எங்கே புரியப்போகிறது என்று தெலுங்கில் சொன்னார். மேடம் உன்னிடம், "ஏம்மா, வாள்ளக்கி சரிகா செப்பலேதா?" என்று கேட்டார். அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லையா என்று. நீ, "தப்பு நாதே மேடம்" என்றாய். தப்பு என்னுடையது. தறி ஓட்டுகிறவர்கள் ஷெட்டுக்குள் கேனோடு நடக்க முடியாது என்பது தறிக்காரன் பெண்ணான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொன்னது நான்தான் என்றாய். ஆறு பேர் கணக்கையும் நீயே அடித்துவிட்டு, அவர்களோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அனுமதி கேட்டாய். ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார். போகட்டும் என்றாய். கையில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு வெளியே நான் அழுதேன். அதற்குப் பிறகும் உள்ளே வந்து சொல்லவில்லை.

அதற்குள் முனுசாமிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. மாத்திரை நிறுத்தினதை நீதான் கேட்டுக் கண்டுபிடித்தாய். அன்றைக்கே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சிறுநீரகத்தின் சக்தி கொஞ்சம் இறங்கிவிட்டது, இறங்கினது திரும்ப வராது, இனி இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். அந்தக் "கொஞ்சம்" முனுசாமியின் சிறுநீரகத்திலிருந்து போனது, கண்ணு. என் புடவை ஆர்டருக்காகப் போனது. அவன் என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி நல்லதைச் சொல்கிறேன். அவன் ரத்தத்தில் உப்பு கட்டுக்குள் வரும்வரை நீ காத்திருந்து, அவன் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டுதான் ஆறு பேரோடும் இரண்டாவது தடவை ஆரம்பித்தாய். நீ செய்த விதத்தைத் தெருவே வாய் பிளந்து பார்த்தது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினாய். நம் ஷெட்டில் கழித்துப்போட்ட துணியில் ஆறு பைகள் தைத்தாய். கேனை அதில் வைத்தால் மார்க்கெட் போகிற பை போல இருக்கும், யாருக்கும் கூச்சம் வராது. ராஜம்மா வீட்டுக் கழிவறைக்குக் கதவு இல்லை என்று உன் கண்ணுக்குத்தான் பட்டது, அவளை அன்று முழுக்க நம் வீட்டில் இருக்கவைத்தாய். காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய், "சித்தப்பா, பை எங்க? அக்கா, பை எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பெரிய படிப்புப் படித்த பெண் ஊர்க்காரர்களின் மூத்திரத்துக்குக் காவல் இருக்கிறாள் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். "அதுல தான் எல்லாம் எழுதியிருக்கு, படிக்கத் தெரியணும்" என்று சிரித்துக்கொண்டே நடந்தாய். எனக்கு அந்த இடத்திலேயே உன் காலில் விழலாம் போல இருந்தது.

கடைசியில் வந்த முடிவையும் நீ அப்படியே எழுதினாய். சிலருக்குப் புரதம் குறைந்திருந்தது, பாதி எல்லாம் இல்லை, கொஞ்சம்தான். முனுசாமிக்குக் குறையவில்லை, ஆனால் ஏறாமல் நின்றது. ராஜம்மாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை. "இத்தயும் எழுதணுமா கண்ணு?" என்று கேட்டேன். "வேலை செஞ்ச எடத்தையும் எழுதணும், செய்யாத எடத்தையும் எழுதணும் நைனா. அப்பதான் அடுத்து வர்றவங்க இந்த வேர நம்புவாங்க" என்றாய். மூக்கிரட்டையின் மேல் உனக்கு இருக்கிற மரியாதை எனக்கு இருந்ததைவிடப் பெரியது. நான் அதற்கு உதவி செய்வதாக நினைத்துப் பொய் சொன்னேன். நீ அதற்கு என் பொய் தேவையில்லை என்று காட்டினாய்.

உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் உண்மையாக இல்லை. ஆய்வு செய்தவர் ஒழுங்காக விளக்காததால் நகரி ஆட்களின் முதல் கணக்கு நீக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். அது உன் தப்பும் இல்லை, அந்த ஆறு பேர் தப்பும் இல்லை. இன்றைக்கும் உன் கல்லூரியில் தறிக்காரர்கள் என்றால் கேனில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் என்று பேச்சு இருக்கிறதாம். நேற்று முனுசாமியிடம் போய், பாப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "எதுக்குண்ணா இப்ப? பாப்பா வேலைக்குப் போற நேரத்துல" என்றான். அவன் பேரில் இருக்கிற கறையை நான் துடைக்கணுமா வேண்டாமா என்று கேட்டேன். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுத் தறியை ஓடவிட்டான். பிறகு, "தொடைக்கறதா இருந்தா எல்லாரும் பாக்கற மாதிரி தொட" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. ஒரு பிரதியை ஷெட் வாசலில், அந்தக் குழாய்க்கு மேலே ஒட்டப்போகிறேன். இன்னொன்றைத் தெலுங்கில் எழுதிவைத்திருக்கிறேன், அதை உன் மேடத்தின் கையில் நானே கொடுப்பேன்.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன், ஒன்று சொல்லாமல் விட முடியாது. சாந்திபுரத்தில் உன்னிடம் வருகிறவர்கள் உன்னைப் பிடித்துப்போய் உனக்காகப் பொய் சொல்வார்கள். மாத்திரை போட்டேன் என்பார்கள், கஷாயம் குடித்தேன் என்பார்கள், உன் முகம் வாடக்கூடாது என்று. பயந்து சொல்கிற பொய்யைவிட இந்தப் பாசத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அன்று என்னை மட்டும் நீ கேட்கவில்லை. நைனா பொய் சொல்லமாட்டார் என்று விட்டுவிட்டாய். இனிமேல் ரொம்ப நெருக்கமானவர்களையும் ஒரு தடவை கேட்டுவிடு.

அதற்கு முதல் ஆளாக என்னையே கேள். நாலு மாதமாக எனக்கும் நுரைக்கிறது, கண்ணு. அண்ணனுக்கு நுரைத்த மாதிரியே. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். ஷெட் முழுக்கத் தறி ஓடுகிறது, நடுவில் நான் கேனோடு நடக்கிறேன். பைகூட இல்லை, வெறும் வெள்ளைக் கேன், என் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு முடியும், ஏழு மணி பஸ்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோக வேண்டும். நீ கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அளவைப் பற்றிச் சந்தேகப்படாதே. இன்றைக்குத் தறிக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, குழாய்க்கும் கேனுக்கும் நடுவில் நாற்காலி போட்டு முனுசாமி உட்கார்ந்திருக்கிறான். கை கழுவப் போனால்கூட, "கேன இங்க வெச்சிட்டுப் போண்ணா" என்கிறான்.

உன் நைனா